கராம்பு மூன்று மூட்டை

இரத்தோட்டைத் தபால் கந்தோரின் தொலைபேசிப் பலகையில் இரண்டு பேர் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒருவன் மஹ்ரூப். இணைப்புக் கொடுப்பது அவன் வேலை. மற்றவர் கொழும்பிலிருந்து வந்திருந்த பொலிஸ் இன்ஸ்பெக்டர் செல்வரத்தினம்.

1965 செப்டம்பர். கடலுக்கு அப்பால் இரண்டு நாடுகள் சண்டையில் இருந்தன. இலங்கை நடுநிலை. அதனால் இரண்டு நாட்டுத் தூதரகத்தாரும் பக்கத்து மலையான ரிவர்ஸ்டனுக்குக் காற்று வாங்க வந்தார்கள்.

முன்கூடத்துத் தொலைபேசிக் கூண்டிலிருந்து ஒரு நாட்டின் இரண்டாம் செயலாளர் கொழும்பு மளிகைக் கடை ஒன்றுடன் பேசினார்.

கராம்பு மூன்று மூட்டை. இன்று காலைதான் மரத்திலிருந்து பறித்தார்கள். நாளை புறப்படும்.

மற்ற நாட்டுக்காரர்கள் மூன்று பேர் ரிவர்ஸ்டன் பங்களாவில் இருந்தார்கள். அவர்களும் நாளைதான் புறப்படுகிறார்கள்.

செல்வரத்தினம் ஹெட்போனைக் கழற்றினார்.

"கராம்பு இப்ப பறிக்கிறவையோ, தம்பி? பறிக்கிற காலமெண்டா இது வியாபாரம். இல்லையெண்டா வேவு."

"வேவுன்னா தொரையப் பிடிப்பீங்களா, சேர்?"

"அவரைத் தொடேலாது. தூதரகத்து ஆள். பிளேனில ஏத்தி அனுப்புவினம். அவரின்ர டிரைவர் எங்கட நாட்டு ஆள்தானே. அவனை உள்ளுக்குப் போடலாம். அஞ்சாறு வருஷம்."

மஹ்ரூப் ஜன்னல் வழியே பார்த்தான். இன்ஸ்பெக்டரின் ஜீப் ஒரு கராம்பு மரத்தடியில் நின்றது. மரத்தில் இலை மட்டும்தான். அந்தப் பக்கத்தில் வருஷம் பிறந்த பிறகுதான் கராம்பு பறிப்பார்கள்.

"இந்த வருஷம் முந்திருச்சு, சேர். மழை அப்படி."

செல்வரத்தினமும் ஜன்னல் வழியே பார்த்தார்.

"அது என்ன மரம்?"

"ஜம்பு, சேர்."

அவர் தலையை ஆட்டினார். தொப்பியை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, புதுக் கராம்பு கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுபோனால் நல்லது என்றார்.

"பச்சையா கொண்டுபோனா பூஞ்சணம் பிடிச்சிரும், சேர். காஞ்சத கடையில வாங்குங்க."

ஜீப் வளைவில் மறைந்தது.

செயலாளர் கூண்டிலிருந்து வெளியே வந்து காரில் ஏறினார். அவருடைய டிரைவர் கதவைச் சாத்திவிட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டு ஜன்னலடிக்கு வந்தான்.

டிரைவரின் பெயர் யஹ்யா. மஹ்ரூபின் தங்கை ஸரீனாவின் புருஷன்.

மஹ்ரூப் போத்தலை நிரப்பி நீட்டினான்.

"இப்ப பறிக்கிறது ஏலக்காய், அதத்தானே சொல்லச் சொல்லிக் குடுத்தேன், மச்சான்?"