ஏழு டம்ளர்

"யார் யாருண்ணா வந்துகிறாங்க?" அடுப்படியிலிருந்து எழில்மதி கேட்டாள்.

"மாப்ள, அவங்க அம்மா, அப்பா, அக்கா, தரகரு. அஞ்சு பேரு. அப்பாவும் நானும் ரெண்டு. ஏழு டம்ளர் வெய்யி."

"நீங்க ரெண்டு பேரும் அவங்க பக்கமா?"

அண்ணன் அய்யப்பன் கூடத்தை எட்டிப் பார்த்தான். அம்மா செத்து நாலு வருஷம். தன் பக்கம் எண்ணிக்கொள்ள அவளுக்கு வேறு ஆள் கிடையாது.

"நாலரை பஸ்ஸ வுட்டா கடலூரு போவ முடியாதுண்ணா. காலைல செலக்சன். அடுத்த வருசம் வயசு தாண்டிடும்."

"தெரிஞ்சிதான் அப்பா இன்னிக்கே வரச் சொல்லிகிறாரு. டீய எடுத்துக்கினு வா."

கூடத்தில் மாப்பிள்ளையும் அவன் அப்பாவும் ஒரே போனில் கபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா ரெய்டுப்பா! ஒருத்தனா உள்ள பூந்து நாலு பேரத் தொட்டுட்டான்!"

"சிங்கம்டா! பெத்தா இப்டி ஒண்ணு பெக்கணும்."

எழில்மதி தட்டை நீட்டினாள். மாப்பிள்ளை திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே டம்ளரை எடுத்துக்கொண்டான்.

"பொண்ணு நல்லா பாடும்னு தரகர் சொன்னாரே?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா பச்சையம்மாள்.

"மூங்கில்துறைப்பட்டுல யார வேணா கேளுங்க" என்றார் தரகர். "மூச்சு வுடாம பாடுமாம். பாடியே நாலு கப்பு வாங்கிக்கீதாம்."

எழில்மதியின் அப்பா பழனிக்கு வேர்த்தது. "அதெல்லாம் பள்ளிக்கூடத்தோட சரிங்க. இப்ப வுட்டுடுச்சு."

"ஏன் வுடணும்? எங்க வூட்ல வெள்ளிக்கெழம வெளக்கு முன்னால பாட ஆளில்ல. நீ பாடும்மா."

காலையிலிருந்து அவளிடம் ஒருவர் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பாடட்டாங்க?"

"பாடும்மா. யாரு இன்னா சொல்லப் போறாங்க?"

"வாணாங்க..." என்று பழனி எழுந்தார்.

சுவர்க் கடிகாரத்தில் நாலு பத்து. வெளியே சைக்கிளில் அவள் பை தொங்கிக்கொண்டிருந்தது. எழில்மதி தட்டைக் கீழே வைத்தாள். புடவையை இழுத்துச் செருகினாள். குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பாடினாள்.

"கபடி கபடி கபடி கபடி..."

பச்சையம்மாளின் தோள், அக்காவின் முழங்கால், தரகரின் துண்டு, மாப்பிள்ளையின் அப்பா, போன் பிடித்திருந்த மாப்பிள்ளையின் கை. எல்லாரையும் தொட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள். பழனி கையை விரித்து மறித்தார். அவரையும் தட்டிவிட்டுக் கைக்கடியில் நுழைந்தாள். அய்யப்பன் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான். குப்புற விழுந்தவள், பாட்டை விடாமல் கையை நீட்டி வாசப்படிக்கு அந்தப் பக்கம் ஊன்றினாள்.

கோட்டைத் தொட்டாயிற்று. ஆடிய பழக்கத்தில் அண்ணன் பிடியை விட்டான்.

ஏழு பேரும் அவுட். எழில்மதி எழுந்து அவர்களை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, நாதாங்கியை மாட்டிப் பூட்டினாள்.