குட்டிக் குரல்

"இந்த மாசத்துல குட்டிக் குரல்தான் எடுபடும்ணே. நரிக்குட்டி கத்துனா தாய் கயோட்டி நரி எங்க இருந்தாலும் பறந்து வந்துரும்," என்றான் நரி கூப்பிடும் போட்டியில் வயோமிங் மாநிலப் பரிசு வாங்கிய டெல்பர்ட்.

"வரட்டும். பதினோரு ஆட்டுக்குட்டி போச்சுடா எனக்கு," என்றார் பண்ணைக்காரர் ஹார்லன், துப்பாக்கியைத் துடைத்தபடி.

"காவலுக்கு நாய் இல்லியா?"

"டச்சஸ் இருக்காளே! நான் பெத்த பொண்ணு மாதிரி. போன மாசம் பூசினாப்புல இருந்தா. இப்ப மந்தையைச் சுத்திச் சுத்தி இளைச்சுட்டா, பாவம். அவளுக்குப் பயந்து ஒரு நரி கிட்ட வராது."

"அப்ப பதினொண்ணு எப்படிண்ணே போச்சு?"

"அதுக்குத்தானேடா உன்னைக் கூப்பிட்டேன்!"

இருவரும் மேட்டுப் புதருக்குப் பின்னால் படுத்தார்கள். டெல்பர்ட் ஊதுகுழலை வாயில் வைத்து, அடிபட்ட நரிக்குட்டியைப் போலக் கீச்சிட்டான். இரண்டாவது கீச்சிலேயே எதிர்ச்சரிவில் புழுதி கிளம்பியது.

பதறி ஓடி வந்து நின்றது டச்சஸ். பால் கட்டி மடி தொங்கியது. வாயில் ஓர் ஆட்டுக்குட்டியின் கால். கொஞ்சம் தள்ளி, மரியாதையாக, ஓர் ஆண் கயோட்டி நின்றிருந்தது.

"அந்தக் கயோட்டியைச் சுடுங்கண்ணே!"

ஹார்லன் துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

"எப்படிடா சுடறது? பொண்ணையும் குடுத்து, பதினோரு குட்டி சீரும் குடுத்திருக்கேன்!"