பத்து வருஷத்து எண்ணெய்

கிணற்றுக் குழாயில் பிடித்த குப்பியை வைரக்கண்ணு வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். அடியிலிருந்து கழுத்துவரை உப்புத் தண்ணீர். மேலே ஒரு விரல் கனத்துக்கு மட்டும் எண்ணெய் மிதந்தது. அந்த எண்ணெய்க் கிணற்றில் பத்து வருஷமாக அவர்தான் ஆபரேட்டர். கிணறு நிற்கும் நிலம் அவருடைய அக்காள் அஞ்சலையுடையது. முப்பது வருஷம் எண்ணெய் வரும், உன் மகனுக்கும் இங்கேயே வேலை கிடைக்கும் என்று சொல்லி அவளைக் கம்பெனியின் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வைத்தவர் அவர். அவரிடம் அப்படிச் சொன்னவர் இன்ஜினியர் திவாகர்.

திவாகர் குப்பியை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “மூடிரலாம் அண்ணே. உலகம் பூரா பழைய எண்ணெய் வயலெல்லாம் வத்திக்கிட்டுதான் வருது. இது பத்து வருஷந்தான் தாங்கும்னு ரிப்போர்ட்லயே இருந்துச்சு.”

“எப்ப எழுதுன ரிப்போர்ட்டு சார்?”

“தோண்டுன வருஷமே.”

அந்த வருஷம் அக்காள் வீட்டில் இலை போட்டு, இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் இந்தத் திவாகர். முப்பது வருஷப் பேச்சை எடுத்ததும் அந்த இலையின் முன்னால் உட்கார்ந்துதான். வைரக்கண்ணு குப்பியை மூடிப் பெட்டியில் வைத்தார்.

சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வந்தபோது அக்காள் வேலியோரம் நின்றிருந்தாள். அவள் மகன் டிப்ளமா முடிக்க இன்னும் ஆறு மாதம் இருந்தது.

“ஏன்டா மொகம் இப்புடி இருக்கு? எண்ணெய் வருதுல்ல?”

அவர் அவளைப் பார்க்காமல் செருப்பை மாட்டினார்.

“வருதுக்கா. அவன நல்லாப் படிக்கச் சொல்லு.”