நாக்கைத் தூக்கு

அம்மா மனநல ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸ். எனக்குக் காய்ச்சலென்றால் மாத்திரை கொடுத்து, "ஆ காட்டு, நாக்கைத் தூக்கு" என்பாள். விழுங்கியிருந்தால் கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டு. அது எனக்கு மட்டும் என்றே நினைத்திருந்தேன்.

அவள் இறந்த அன்று வார்டிலிருந்து வேனில் பதினோரு நோயாளிகள் வந்தார்கள். ஒவ்வொருவராக ஐஸ் பெட்டிமேல் குனிந்து, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார்கள். பிறகு கன்னத்தைக் கண்ணாடியில் வைத்துக் காத்திருந்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போதும், நகருங்க! இது எங்கம்மா!" என்று நடுவில் புகுந்தேன்.

வரிசையில் முன்னால் நின்ற ரெஜினா என்ற பெண் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"லைன்ல வாம்மா. சிஸ்டர் யாரையும் விட்டுட மாட்டாங்க."

பன்னிரண்டாவது ஆளாகப் போய் நின்றேன்.