ஹெல்மெட் கண்ணாடியில் தெரிந்த அறை

மகளின் பொம்மைச் சேகரிப்புக்காக வாங்கிய கட்டைவிரல் உயர விண்வெளி வீரனை மேஜையில் நிறுத்தி, மிக நெருக்கத்தில் படமெடுத்து ஊருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"அப்பா, செம ஷார்ப்! ஹெல்மெட் கண்ணாடியில உங்க ரூமே தெரியுது. ஜன்னல், கட்டில், கேமரா... நீங்க எங்க?"

"கேமராவுக்குப் பின்னாடிதாண்டா கண்ணு நின்னேன்."

"அங்க யாருமே இல்லையேப்பா."

"உங்கப்பா எந்தப் படத்துலடி இருந்திருக்காரு?" என்றது பின்னாலிருந்து என் மனைவியின் குரல்.

மகள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு எடுங்கப்பா. நீங்க இருக்கீங்கன்னு அம்மாகிட்ட காட்டணும்."

விளக்கை என் பக்கம் திருப்பினேன். குடித்துக்கொண்டிருந்த டீ கப்பை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி மறுபடி எடுத்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜன்னலும் கட்டிலும் அப்படியே இருந்தன. கேமராவுக்குப் பின்னால், ஆவி பறக்க, கப் மட்டும் அந்தரத்தில் நின்றது.