பதினேழு படி

நான் மாடிப்படி ஏறினா அவ பின்னாடி வருவா. நான் இறங்கினா அவ முன்னாடி போவா. பக்கத்துல வந்து கையைப் பிடிச்சதும் இல்ல, ஆறுதலா ஒரு வார்த்தை சொன்னதும் இல்ல.

இதுதான் எங்க வீட்டுச் சின்னவ. என் கொழுந்தன் பொண்டாட்டி.

பின்னாடி வந்தா நான் நொண்டுறதை ஆற அமரப் பார்க்கலாம். முன்னாடி போனா நான் தடுமாறின சேதியை முதல் ஆளாச் சொல்லலாம். வேற எதுக்கு வரப்போறா?

காரணம் இல்லாம சொல்லல. எங்க வீட்டு மாடி முழுக்க என் தையல் கூடம். மூணு மெஷின், ஒரு கட்டிங் மேசை, ரெண்டு பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம். வலது முட்டியை மாத்திட்டு வீட்டுக்கு வந்த மறுநாளே என் வீட்டுக்காரர் மெல்ல ஆரம்பிச்சார். அடுத்த மாசக் கடைசிக்குள்ள உன்னால ஏறி இறங்க முடியலைன்னா மாடியைச் சின்னவ பையனுக்குக் கொடுத்துடலாம், அவனுக்குக் கல்யாணம் வருது, நீயும் கீழேயே ஓய்வா இருக்கலாம்னார்.

ஓய்வாம். இருபத்திரண்டு வருஷமா நான் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் அது ஒண்ணுதான்.

சின்னவ வாயே திறக்கல. எப்படித் திறப்பா? பழம் நழுவிப் பால்ல விழுது, வேண்டாம்னா சொல்லுவா?

"ஏறிக் காட்டுறேன்"னு சொன்னேன். எல்லாரும் சாப்பாட்டைப் பார்த்துக் குனிஞ்சுக்கிட்டாங்க.

வாரத்துல மூணு நாள் பிசியோதெரபி பொண்ணு வரும். சின்ன வயசுதான், ஆனா கறார். முட்டி தொண்ணூறு டிகிரி மடங்கினாத்தான் படிப்பக்கமே போகலாம்னு சொல்லிடுச்சு. தையல்காரிக்கிட்டயே அளவு சொல்லுது பாருங்க. துணியில நேர்மூலை போடுற எல் ஸ்கேலை எடுத்துத் தினமும் முட்டியோரம் வச்சுப் பார்த்தேன். முதல் நாள் ஸ்கேலுக்கும் காலுக்கும் நடுவுல ஒரு தலையணையே போகும். பல்லைக் கடிச்சுக்கிட்டு மடக்கினேன். மூணாவது வாரம் ஒட்டிக்கிச்சு.

அப்புறம்தான் படி. ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் கால் முதல்ல. மேல் படியில எந்தக் கால் இருக்கோ அதுதான் உடம்பைத் தூக்கும், இறங்குறப்பவும் அதுதான் மடங்கி பாரத்தைத் தாங்கும், அதனால ரெண்டுக்கும் நல்ல கால்தான் மேல நிக்கணும்னு விளக்கிச்சு. தான் வராத நாள்ல ஏறவே கூடாதுன்னும் மிரட்டிட்டுப் போச்சு.

மாசக் கடைசி எனக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்? மறுநாளே ஏறினேன்.

பகல்ல வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான். சத்தம் கேட்டுச் சின்னவ சமையலறையிலிருந்து வந்தா. தடுப்பான்னு பார்த்தேன், தடுக்கல. எனக்கு ஒரு படி கீழ வந்து நின்னா. நான் ஏற ஏற அவளும் ஏறினா.

இறங்கும்போது இன்னும் மோசம். எனக்கு முன்னாடி ஒரு படி இறங்கி, முகத்தை என் பக்கம் திருப்பிக்கிட்டு, பின்னாலேயே காலை வச்சு இறங்குவா. கண்கொத்திப் பாம்பு மாதிரி என் கால் மேலயே கண்ணு. நான் எண்பத்து நாலு கிலோ, அவ அதுல பாதி தேற மாட்டா. அந்த உடம்பை வச்சுக்கிட்டு எனக்கு வழியை அடைக்கிறா.

"ஏண்டி வால் மாதிரி வர்ற?"

"சும்மாதான்க்கா."

ஒரு நாள் இறங்கும்போது அஞ்சாவது படியில இடது கால் வெடவெடன்னு ஆடிடுச்சு. கைப்பிடியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். சின்னவ முகம் வெளுத்துப் போச்சு. இன்னிக்குப் போதும்க்கான்னா. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான். அவளைப் பார்த்துக்கிட்டே மறுபடி திரும்பி மேல வரைக்கும் ஏறிட்டு வந்தேன். அவளும் வந்தா.

மாசக் கடைசி வந்துச்சு. என் வீட்டுக்காரர், கொழுந்தன், பிசியோ பொண்ணு, எல்லாரும் கீழ நின்னு பார்த்தாங்க. பதினேழு படியும் ஏறினேன். மெஷின்ல உட்கார்ந்து ஒரு சட்டைக் காலர் அடிச்சேன். அதைத் தோள்ல போட்டுக்கிட்டு இறங்கி, என் வீட்டுக்காரர் கையில கொடுத்தேன். அன்னிக்கும் அவ எனக்கு ஒரு படி கீழதான்.

அவர் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாடி உன்னோடதுதான்னார்.

விடுவேனா? சின்னவளை நேராப் பார்த்துக் கேட்டேன்.

"உன் பையனுக்கு வேற இடம் பாரு. நான் எப்போ விழுவேன்னு காத்துக்கிட்டு இனிமே என் பின்னாடி வர வேண்டாம்."

"சரிக்கா"ன்னுட்டு அவ உள்ள போயிட்டா. ஆம்பளைங்களும் நழுவிட்டாங்க. எனக்கு மனசு குளுகுளுன்னு இருந்துச்சு.

பிசியோ பொண்ணு பையை மூடிக்கிட்டே, தான் வராத நாள்லயும் தினமும் ஏறினீங்கதானேன்னு கேட்டுச்சு. ஆமா ஏறினேன், இப்போ என்னன்னேன். எனக்கு அப்பவே தெரியும், உள்ள போனாங்களே, அவங்கதான் சொன்னாங்கன்னுச்சு.

"சொல்லியிருப்பாளே. கோள் மூட்டாம அவளுக்குத் தூக்கம் வராது."

அந்தப் பொண்ணு பையைக் கீழ வச்சுடுச்சு.

"கோள் இல்லம்மா. நான் ஏறக் கூடாதுன்னு சொன்ன அன்னிக்கே வாசல் வரைக்கும் என் பின்னாடி வந்தாங்க. அக்கா எப்படியும் ஏறுவாங்க, யார் சொன்னாலும் நிக்க மாட்டாங்கன்னாங்க. விழுந்தா எந்தப் பக்கம் விழுவாங்கன்னு மட்டும் கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"கீழ்ப்பக்கம்தான்னு சொன்னேன்."