குண்டு டயர் ஆசாமி

"முன்னாடி மட்டும் குண்டு டயர், பின்னாடி சாதா டயர். எடை பாதியாக் குறைஞ்சிடும். எப்படி அண்ணே நம்ம ஐடியா?"

தொப்பிக்காரர் பெருமையாகத் தன் படத்தை நீட்டினார். கட்டிலில் உட்கார்ந்திருந்த சைக்கிள்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளை அளந்து, குழாய் வெட்டி, பற்றவைத்து, ஒவ்வொரு சைக்கிளாகச் செய்து கொடுத்தவர் அவர். அவரிடமே வந்து இப்படி உளறினால்?

முன்பென்றால் ஒரே வார்த்தையில் விரட்டியிருப்பார். அந்த ஒரு வார்த்தைதான் இப்போது பாடாய்ப் படுத்துகிறது. பக்கவாதம் வந்து போனதில் கை தேறிவிட்டது, கால் தேறிவிட்டது, நாக்கு மட்டும் முரண்டு பிடித்தது. போனில் யாரோ "என்னது? என்னது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டதோடு சரி, போனைத் தொடுவதில்லை. கீழே கடை ஷட்டரை இறக்கியவர் இறக்கியவர்தான்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்குப் போகச் சொன்னார்கள். வாசல் வரை போய் எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு பெரிய மனிதர் "பா... பா... மா... மா..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் என்ன கைக்குழந்தையா என்று கோபம் வந்துவிட்டது. மனைவி கெஞ்சக் கெஞ்சத் திரும்பிவிட்டார்.

இவர் வாய் திறந்து பேச வேண்டும், அந்த ஷட்டரைத் தூக்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே கிடையாது.

அப்போதுதான் வந்து சேர்ந்தார் தொப்பிக்காரர். கடற்கரை மணலில் ஓட்ட வேண்டுமாம். குண்டு டயரும் வேண்டுமாம், முன்னாலும் பின்னாலும் ஷாக் அப்சார்பரும் வேண்டுமாம். கடையில் விற்பது எதுவும் சரிப்படவில்லையாம். முடியாது என்று சைக்கிள்காரர் கையை ஆட்டினார். மனுஷன் நகர்ந்தால்தானே! வாரா வாரம் ஒரு கோணல் படத்தோடு வந்து நின்றார்.

"சொல்லுங்க அண்ணே, பின்னாடி சாதா டயர் போட்டுடலாமா?"

"பு... புதையும்!"

"என்ன அண்ணே?" தொப்பிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார்.

"புதையும்! பாரம் பூரா... பின்னாலதான். ரெண்டும் குண்டு டயர்தான்!"

"சரி, ரெண்டும் குண்டு. அதுவே மெத்தை மாதிரி இருக்கே, அப்புறம் ஷாக் எதுக்கு?"

"டயர் பந்து மாதிரி எ... எகிறும். ஷாக்தான் அடக்கும்."

"யாரை?"

"உங்களை!"

அடுப்படியில் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கோபப்படாதீங்க அண்ணே. பின் சக்கரத்தை இன்னும் முன்னாடி தள்ளி வச்சிருக்கேன் பாருங்க. அழகா இல்ல?"

சைக்கிள்காரர் படத்தைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். "ஷாக் அமுங்கினா... டயர் வந்து சீட்டுக் குழாயில இடிக்கும்யா!"

"எதுல?"

"கு... ழாய்! குழாய்!"

"புரியலியே."

"காட்டுறேன். எழுந்து வாங்க!"

விடுவிடுவென்று படியிறங்கினார். மாதக்கணக்காகத் தூங்கிய ஷட்டர் தடதடவென்று மேலே போனது. மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஒரு பழைய ஃபிரேமையும் சக்கரத்தையும் வைத்துக்கொண்டு அவர் விளக்கினார். திக்கினார், திட்டினார், மறுபடி விளக்கினார். தொப்பிக்காரர் கேட்டதையே கேட்டுக் கேட்டுக் கடைசியில் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுக் கிளம்பினார்.

அவள் டீயோடு இறங்கி வந்தபோது சைக்கிள்காரர் கையில் போன் இருந்தது.

"ஆமா, நான்தான்... குழாய் வேணும். குழாய்... இல்லப்பா, இன்னொரு தடவை சொல்றேன், எழுதிக்க..."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள். சட்டென்று அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயையோ, ஆர்டரே கொடுத்துட்டீங்களா?"

"பின்னே? பிளான்தான் முடிஞ்சு போச்சே."

"என்னங்க, திட்டாதீங்க. அவரு சைக்கிள் வாங்க வந்தவரே இல்ல. பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவரு. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சீங்க. நான்தான் கையைக் காலைப் பிடிச்சு இங்க வரவச்சேன். அந்தத் தப்பும் தவறுமான படமெல்லாம்கூட நான் போட்டதுதான். உங்களுக்கு எதைப் பார்த்தா ஆத்திரம் வரும்னு எனக்குத் தெரியாதா?"

அவர் டீயை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம். சக்கரத்தை முட்டை மாதிரி வரைய... உன்னை விட்டா யாரு?"

"அடப்பாவி மனுஷா! தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?"

"எங்க பேசாம இருந்தேன்? திட்டுறதுக்குன்னே ஒரு ஆள் வீடு தேடி வந்தா... விட முடியுமா?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அப்போ இந்தக் குழாய் யாருக்கு?"

"அவருக்குத்தான். ஃபீஸ் கொடுக்க வேணாமா? கால் அளவெல்லாம் கண்ணாலயே எடுத்துட்டேன். மணல்ல மிதிக்கட்டும்."

"அதெல்லாம் இருக்கட்டும். அவரு யாருன்னு எப்பங்க கண்டுபிடிச்சீங்க?"

"முதல் நாளே" என்றார் சைக்கிள்காரர், ஒரு இடத்தில்கூடத் திக்காமல். "சைக்கிள் வாங்க வர்றவன் சைக்கிளைப் பார்ப்பான். இந்த மனுஷன் வந்ததுலேருந்து என் வாயைத்தானே பார்த்துக்கிட்டு இருந்தாரு!"